யாருக்கு வந்தது அந்த அம்மை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர், இரவெல்லாம் தண்ணி லாரி ஓட்டிவிட்டு வந்து ஃபேனுக்கு நேர் கீழே மல்லாந்திருந்தார். மூத்தவள் கோகிலா, கம்பெனி யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்தவன் சதீஷ், வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது திவ்யா, பாத்ரூமில். அவள் உள்ளே போய்விட்டால் வீட்டில் பாத்ரூம் ஒன்று இருப்பதையே மற்றவர்கள் மறந்துவிட வேண்டியதுதான். இரட்டைப் பிள்ளைகள் நவீனும் பிரவீனும், ஒரு தோசைக்காக ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்குட்டி யாழினி, அந்தத் தோசையைத் தின்றுகொண்டிருந்தாள். கடைசியாக, இட்லித் தட்டு கேட்க வந்து, கேட்பதை மறந்து உட்கார்ந்துவிட்ட பக்கத்து வீட்டு கல்பனா.

இத்தனை பேரையும் வரிசையாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று பிறகு என்னைக் கேட்டார்கள். இந்தக் கோடையில்தான் நடந்தது. இன்னும் முழுசாக முடியவும் இல்லை.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய குக்கர் விஷயத்தைப் படித்துவிட்டு, "இவ்ளோவா பயப்படுவக்கா நீ" என்று கல்பனா கேட்டாள். இல்லை, அதைவிட அதிகம். பத்திரிகையில் இடம் போதவில்லை.

முதுகில் ஒரு முத்து

சட்டையைப் பிடித்து இழுத்ததில் நவீன் முதுகு தெரிந்தது. நடு முதுகில் தண்ணீர்ச் சொட்டு மாதிரி ஒன்று நின்றது. துடைத்தேன். போகவில்லை.

"வேர்க்குருமா" என்றான் அவன்.

கல்பனா எழுந்து வந்து பார்த்தாள். இரண்டு கையையும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வேர்க்குரு இல்லக்கா. அம்மா வந்துட்டாங்க."

அவ்வளவுதான். இனி வீட்டில் தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது, தலை சீவுவது கிடையாது. அம்மை போட்டிருக்கிறது என்றுகூட எங்கள் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். வந்திருப்பது மாரியம்மன். விருந்தாளியைப் போல மரியாதையாகத்தான் பேச வேண்டும். உடம்பில் இருப்பது கொப்புளம் இல்லை, முத்து. அதை உற்றுப் பார்க்கக் கூடாது, எத்தனை என்று எண்ணக் கூடாது. அவர்களாக வந்தார்கள், அவர்களாகப் போவார்கள்.

கோகிலா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "யாரும் வெளிய மூச்சு வுடாதீங்க. வேப்பிலை கட்டாதம்மா. இந்த மாசம் முடியட்டும்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரகடம் பக்கம் சார்ஜர் செய்கிற கம்பெனியில் ட்ரெயினியாகச் சேர்ந்து, நின்றுகொண்டே வேலை பார்த்து, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவள். அவளோடு சேர்ந்த பெண்களில் லீவு போடாதவர்களை அந்த மாதக் கடைசியில் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்த முறை தவறினால் அடுத்து எப்போது எடுப்பார்கள் என்று சூப்பர்வைசருக்கே தெரியாது.

ஆனால் வேப்பிலை கட்டாமல் என்னால் எப்படி இருக்க முடியும்? கட்டுவது சாமிக்கு மட்டும் இல்லையே. வாசலுக்கு வருகிறவர்களும் அதைப் பார்த்துத்தானே அங்கேயே நிற்பார்கள்.

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "கட்டிடு. கட்டலன்னா நீயும் தூங்கமாட்ட, என்னையும் தூங்க வுடமாட்ட."

கட்டினேன். கோகிலா பையை எடுத்துக்கொண்டு, தலையில் இலை படாமல் குனிந்து வெளியே போனாள்.

"நீ சொன்னா போதுமாம்"

பிள்ளைப்பாக்கத்தில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஸ்டெல்லாவும் அந்த வழியாகத்தான் வருவாள். கோகிலாவும் அவளும் ஒரே லைன், பஸ்ஸில் ஒரே சீட்டு. போகும்போது ஸ்டெல்லா தோளில் கோகிலா தூங்குவாள், வரும்போது கோகிலா தோளில் ஸ்டெல்லா. அப்போது ஸ்டெல்லாவுக்கு ஐந்தாம் மாசம்.

அன்று அவள் வேப்பிலையைப் பார்த்துவிட்டாள். பஸ்ஸில் ஏறி, கோகிலா பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கம்பெனியில் இறங்கியதும் நேராக மருத்துவ அறைக்குப் போய் அங்கிருக்கும் சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறாள்.

எனக்கு போன் வந்தது.

"யம்மா, எனக்கு சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?"

"வந்துச்சு."

"கொப்புளமா, மணல் மாதிரி பொடியாவா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"கொப்புளம்னா நான் வேலைக்கு வரலாமாம். ஒரு தடவ வந்துட்டா திரும்ப வராதாம், என்னால யாருக்கும் ஒட்டாதாம். மணல்வாரின்னா அது வேறயாம், மூணு வாரம் வூட்டோட இருக்கணுமாம். நீ சொன்னா போதுமாம்மா. சிஸ்டர் எதிர்லயே கீறாங்க. சொல்லு."

"வூட்டுக்கு வா, சொல்றேன்" என்றேன்.

"இன்னாம்மா யோசிக்கிற?" என்றாள். சிஸ்டர் போனை வாங்கி, வீட்டில் யார் யார் இருந்தார்கள், எந்தப் பிள்ளைக்கு எப்போது வந்தது என்று நிதானமாகக் கேட்டார். நான் எட்டாவதோடு நின்றவள். அந்த இரண்டு அம்மையும் வேறு வேறு நோய் என்பதே எனக்கு அந்த போனில்தான் தெரிந்தது.

ஸ்டேஷன் பின்னால் இருந்த அறை

அப்போது நாங்கள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தோம். ரயில் போனால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும். கோகிலாவுக்கு மூன்று வயதிருக்கும், சதீஷ் அப்போதுதான் நடக்கப் பழகினான். திவ்யா வயிற்றில்.

அந்தக் கோடையில் இரண்டு பேருக்கும் அம்மை வந்தது. ஒருவருக்குத் தணிந்து தண்ணீர் ஊற்றுவதற்குள் இன்னொருவருக்கு. ஒன்று மணலை வாரி இறைத்த மாதிரி பொடிப்பொடியாக. இன்னொன்று நல்ல முத்து. டாக்டரிடம் போகவில்லை. போவது தப்பு என்றார்கள். எந்த அம்மை என்று யாரும் கேட்கவும் இல்லை. எல்லாமே அம்மாதானே.

எனக்கு நன்றாக நினைவில் இருப்பது ஒரு மத்தியானம். தரையில் வாழை இலை. அதன்மேல் உடம்பெல்லாம் முத்தோடு ஒரு குழந்தை. மொட்டைத் தலை. கையில் கறுப்பு வளையல். ரயில் வரும்போதெல்லாம் அந்தச் சின்னக் கை என் கட்டைவிரலை இறுக்கிப் பிடிக்கும். நான் வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தேன்.

முகம் மட்டும் வரவில்லை. இரண்டு பேருக்கும் அந்த வருஷம்தான் மொட்டை போட்டிருந்தோம். வளையலும் இரண்டு பேருக்கும் இருந்தது.

வயிற்றுப் பிள்ளைக்காரி பக்கத்தில் போகக் கூடாது என்று அந்த வரிசையில் இருந்த எல்லோரும் சொன்னார்கள். வேறு யார் பார்ப்பது? அவர் செங்கல் லோடு ஏற்றப் போனால் வர இரண்டு நாளாகும். நான்தான் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு திவ்யா பிறக்கிறவரை ஒரு ராத்திரிகூட நான் ஒழுங்காகத் தூங்கியதில்லை. அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம். நர்ஸ் கையிலிருந்து வாங்கியதும் முதலில் அவள் கண்ணைத்தான் திறந்து பார்த்தேன். அவளுக்கு ஒரு குறையும் இல்லை, இந்த பாத்ரூம் விஷயத்தைத் தவிர.

வீட்டுப் பஞ்சாயத்து

சாயங்காலம் கோகிலாவை ஆட்டோவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவள் அறைக்குள் வரவில்லை. சமையற்கட்டிலேயே நின்றாள்.

"கோகிலாவுக்குத்தான் கொப்புளம்" என்றார் என் வீட்டுக்காரர். "நான்தான எளநி வாங்கினு வந்தேன்."

"எளநி ரெண்டு பேருக்கும்தான் வாங்கினு வந்தீங்க."

"ப்பா, எனக்குத்தான்" என்றான் சதீஷ். "நெத்தியில தழும்பு பாரு."

"அது நீ கதவுல முட்டிக்கினது."

"கதவுல முட்டுனது இந்தப் பக்கம்மா. இது அம்மா குடுத்தது." அவன் அதில் உறுதியாக இருந்தான். தனக்குத்தான் வந்துபோயிற்று என்று, அன்று காலையிலிருந்தே இரட்டைப் பிள்ளைகளின் பாயில் படுத்துக்கொண்டு, அவர்கள் மீதம் வைத்த மோர்ச்சோற்றையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வாழை இலை, வளையல், கட்டைவிரல் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். கோகிலா சுவர்க் கண்ணாடியில் கழுத்தைத் திருப்பிக் காதுக்குக் கீழே ஒரு சின்னக் குழியைத் தொட்டுக் காட்டினாள்.

"இது இன்னாது?"

எனக்குத் தெரியவில்லை.

"சதீஷு மொத மொத இன்னா பேசினான், தெரியும். திவ்யா பொறந்தப்ப மழை பேஞ்சுது, தெரியும். ட்வின்ஸ்ல எவன் மொதல்ல வந்தான்னு தெரியும். என்னோடது மட்டும் எப்பக் கேட்டாலும் 'ரெண்டு பேருக்கும்', 'ரெண்டு பேருக்கும்'." அவள் சத்தமாகப் பேசவில்லை. "சரி, வுடு. வந்துச்சுன்னு சிஸ்டருக்கு ஒரு போன் போட்டுடு. யாருக்குத் தெரியப்போவுது."

நான் போனைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் வெளியே, "ஆன்ட்டி" என்று கூப்பிடும் குரல் கேட்டது.

கேட்டுக்கு வெளியே

ஸ்டெல்லா கேட்டைத் தொடாமல் தெருவில் நின்றிருந்தாள். துப்பட்டாவை வயிற்றின்மேல் போட்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"நான் உள்ள வரல ஆன்ட்டி. கோகிலா கோச்சுக்கினு கீறா, போன எடுக்கல. எனக்கு அவ வேல போவணும்னு இல்ல. பயமா இருந்துச்சு, அதான் சொல்லிட்டேன்."

"தெரியும்மா."

"அவளுக்கு முன்னாடியே வந்திருக்கா? நீங்க சொன்னா நான் நம்பிக்கிறேன். நாளைக்கே அவ பக்கத்துல உட்கார்றேன்."

எனக்குப் பின்னால் கோகிலா நிற்பது தெரிந்தது. அவள் மூச்சு கேட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஸ்டெல்லாவின் கை வயிற்றில் எப்படி இருந்ததோ அப்படித்தான் அந்த ஸ்டேஷன் அறையில் என் கையும் இருந்தது.

"எனக்கு நிச்சயமா தெரியலம்மா" என்றேன். "ரெண்டு பிள்ளைங்கள்ல யாருக்குன்னு தெரியல."

பின்னால் சமையற்கட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

ஸ்டெல்லா போகாமல் நின்றாள். பிறகு சொன்னாள். "ரத்த டெஸ்ட் ஒண்ணு கீதாம் ஆன்ட்டி. சிஸ்டர் சொன்னாங்க. முன்னாடி வந்திருந்தா அதுல தெரிஞ்சிடுமாம். ஸ்ரீபெரும்புதூர் லேப்ல எடுத்து மெட்ராஸுக்கு அனுப்புவாங்களாம். செலவு ஆவும், ஆயிரத்து எட்டு நூறு."

வீட்டில் அவ்வளவு இல்லை. லாரி டயர் மாற்றி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இருந்த கொஞ்சம் இளநீருக்கும் மோருக்கும்.

"அம்மா வந்திருக்கும்போது கைமாத்து வாங்கக் கூடாதும்மா."

"உங்களுக்கு யாரு குடுக்கறா? நான் லேப்காரனுக்குக் குடுக்கறேன்." போனை எடுத்து அங்கேயே நின்றபடி கட்டிவிட்டாள். "அவ இல்லாம எனக்கு பஸ்ல தூக்கமே வராது ஆன்ட்டி. முன் சீட்டுல டிரைவர் பாட்டு போட்டுக் கொல்றான்."

எந்த பஸ்ஸில் போவார்கள்

ரத்தம் கொடுத்துவிட்டு வந்த பிறகு வந்த நாட்களை எப்படி எழுதுவது?

நவீனுக்கு முத்து ஏறிக்கொண்டே போனது. பள்ளிக்கூடம் கிடையாது, தர்பூசணி, இளநீர், எல்லோரும் விசிறிவிடுகிறார்கள். பிரவீனால் பொறுக்க முடியவில்லை. திவ்யாவின் நகப்பூச்சை எடுத்து முகத்திலும் நெஞ்சிலும் புள்ளி வைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்துவிட்டான். லாரியிலிருந்து இறங்கி வந்த என் வீட்டுக்காரர் அரைத் தூக்கத்தில் அவனைப் பார்த்து, "தாயே" என்று விழுந்து கும்பிட்டார். பிரவீனும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தான். திவ்யா தன் நகப்பூச்சைத் தேடி வந்தபோதுதான் வெளுத்தது. சாமி விஷயத்தில் விளையாடலாமா? சொல்லி வைத்த மாதிரி சில நாளில் அவனுக்கு நிஜமாகவே வந்தது. நகப்பூச்சு எது, முத்து எது என்று தெரியாமல் கலாமைன் லோஷனை மொத்தமாகப் பூசினேன்.

யாழினி ஒரு நாள் கேட்டாள். "அம்மா எப்பமா போவாங்க?"

"அவங்களா போவாங்க கண்ணு."

"எந்த பஸ்ஸுல?"

கோகிலா சமையற்கட்டிலேயே தனித் தட்டு, தனிப் பாயோடு இருந்தாள். என்னோடு பேச்சில்லை. வேண்டியதை யாழினி மூலம் சொல்லி அனுப்புவாள். "யாழினி, உங்கம்மாகிட்ட மோர் கேளு." உங்கம்மா. நான் இரண்டடி தூரத்தில்தான் நிற்பேன். யாழினி முழுசாக ஓடிவந்து, "எங்கம்மா, மோர் வேணுமாம்" என்பாள்.

கடுகு வெடிக்காத வீடு ஒரு மாதிரி ஊமையாக இருக்கும். அதில் மூத்த பெண்ணும் பேசாவிட்டால்? அடுப்படியில் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே கஞ்சி கிண்டுவேன். மூன்று வயதில் இவள் எப்படி இருந்தாள் என்று யோசித்து யோசித்துப் பார்ப்பேன். இடுப்பில் இன்னொன்றை வைத்துக்கொண்டு, "நீ பெரிய பொண்ணு இல்ல, நடந்து வா" என்று நான் சொல்வதுதான் நினைவுக்கு வரும்.

பாசிட்டிவ்

லேபிலிருந்து கூப்பிட்டார்கள். ஷேர் ஆட்டோவில் நானும் கோகிலாவும் போனோம். அவள் முன்னால், நான் பின்னால்.

கவுன்ட்டரில் இருந்த பெண் காகிதத்தை நீட்டினாள். "கோகிலா. பாசிட்டிவ்."

கொரோனா காலத்தில் அந்த வார்த்தையைக் கேட்டுப் பழகிய காது. அங்கிருந்த பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயோ, நோய் இல்ல ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். "சின்ன வயசுல வந்து போயிருக்குன்னு அர்த்தம். நல்லதுதான்."

கோகிலா காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். போட்டோ எடுத்துக் கம்பெனி சிஸ்டருக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது. மறுநாள் வரலாம். ட்ரெயினிகள் விஷயத்தைப் பற்றி மேலே தானே பேசுவதாகவும், அந்த நாட்களை லீவில் சேர்க்காமல் பார்ப்பதாகவும் எழுதியிருந்தார்.

பிறகு என் பக்கத்துச் சேரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப அந்த வாழையிலை நான்தான்."

"நீதான்."

"அழுதனா?"

"இல்ல. ரயிலு வந்தா மட்டும் கையப் புடிச்சுப்ப."

அவளுடைய முகம் அப்போது எனக்குத் தெரிந்தது. கண் இமையில்கூட ஒரு முத்து, அதோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நிஜமாக நினைவில் இருந்து வந்ததா, அந்தக் காகிதத்தைப் பார்த்ததால் வந்ததா என்று கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. வந்தது, நான் வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது இருவரும் பின்சீட்டில். லாரிச் சத்தத்தில் காது கேட்கவில்லை. "இன்னொரு வாட்டி சொல்லு" என்று அவள் கத்த, நானும் கத்திக் கத்திச் சொன்னேன். கூடை நிறையக் கீரையோடு எதிரில் இருந்த அம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்புறம் கொழந்தைக்கு நல்லாயிட்ச்சா?" என்றாள்.

"தோ கீது" என்று காட்டினேன்.

வீட்டுக்குள் வந்து காகிதத்தைக் காட்டியதும் எல்லோரும் மெதுவாக சதீஷ் பக்கம் திரும்பினார்கள். அவன் பிரவீன் குடித்து மிச்சம் வைத்த இளநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"அப்ப எனக்கு வந்தது மணல்வாரியா?" என்றான், ஸ்ட்ராவை வாயில் வைத்தபடியே.

வேப்பிலை இறங்கும்வரை

சதீஷுக்கும் முத்து வந்தது. பிள்ளைகளைவிட மோசமாக. மீசை வைத்த ஆள், "யம்மா, அரிக்குது" என்று ஊரைக் கூட்டினான். ஷிஃப்ட் முடிந்து வந்து கோகிலாதான் அவனுக்கு விசிறினாள். இனி அவளுக்குப் பயம் இல்லையே. "கதவுல முட்டுனவனே, கைய எடுறா" என்று அதட்டுவதும் அவள்தான்.

மாதக் கடைசியில் கோகிலாவுக்கு ஆர்டர் வந்தது. அம்மை இருக்கிற வீட்டிலிருந்து ஒரு துரும்புகூட வெளியே போகக் கூடாது என்பதால் ஸ்வீட்டைக் கடையில் வாங்கி, வீட்டுப் பக்கமே கொண்டுவராமல், பஸ்ஸிலேயே கொடுத்து முடித்தாள். முதல் துண்டு ஸ்டெல்லாவுக்கு. அவர்கள் மறுபடி ஒரே சீட்டு. இப்போது வயிறு பெரிதாகிவிட்டதால் சீட்டில் முக்கால்வாசி ஸ்டெல்லாவுக்கு.

சம்பளம் வந்த அன்று ஸ்டெல்லாவின் கடனைக் கொடுத்துவிடலாம் என்றாள் கோகிலா. காசு வெளியே போகக் கூடாது என்றேன் நான். அங்கே ஆரம்பித்தது.

"போன்ல அனுப்பினா அது வூட்டுலேந்து போன மாதிரி எப்டி ஆவும்? பேங்க்லேந்துதான போவுது" என்றார் என் வீட்டுக்காரர்.

"போனு வூட்டுலதான கீது" என்றாள் கல்பனா.

"அப்ப தெருவுல நின்னு அனுப்பட்டும்."

"அவ வூட்டுப் பொண்ணுதான?"

முடிவாக ஸ்டெல்லாவையே கேட்டோம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குத் தவறாமல் போகிறவள். அவள் வீட்டில் மாரியம்மன் கிடையாது. அவள் கேட்டுக்கு வெளியிலிருந்தே தலையை ஆட்டினாள். "வேணாம் ஆன்ட்டி. எனக்கு ஏழாவது மாசம். எதுக்கு ரிஸ்க்கு. அவங்க கெளம்பட்டும், அப்புறமா குடுங்க."

அவர்கள் கிளம்புவதாக இல்லை. சதீஷுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குள் திவ்யாவுக்கு வந்தது. அவள் பாத்ரூமிலிருந்து தானாகவே வெளியே வந்தபோதே எனக்குச் சந்தேகம். இப்போது யாழினி. இதை எழுதும்போது அவள் என் மடியில் கால் போட்டுத் தூங்குகிறாள். இரண்டு தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காயவைத்த மூன்றாவது தண்ணீர் வருகிற வெள்ளிக்கிழமை. அதன் பிறகுதான் வாசலில் இருப்பதை இறக்க வேண்டும், கடுகு தாளிக்க வேண்டும், கோகிலாவைக் காசோடு இரண்டு தெரு தள்ளி அனுப்ப வேண்டும்.

அதுவரை ஸ்டெல்லாவுக்கு நாங்கள் தரவேண்டியது ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.